தாய்மாமன் காலுக்கு என்ன கலர்

நயினார்கோவில் பக்கத்துல, ரெண்டு ஓரமும் கருவேலங்காடு மண்டிக் கெடக்குற ரோட்டுல கொஞ்சம் உள்ள தள்ளிப் போனா ஒரு ஊரு வரும். அங்க போயி காளிதாஸ் வீடு எதுன்னு கேட்டா யோசிப்பாங்க. பைப்பு மிலிட்டரி வீடுன்னு கேளுங்க, ஆடு மேய்க்கிறவங்க கூட கையை நீட்டிக் காட்டிருவாங்க. பட்டாளத்துல அவரு துப்பாக்கி தூக்குனதை விட பைக்குள்ள காத்தை ஊதி வாசிக்கிற பேக்பைப் தூக்குனதுதான் அதிகம். பென்ஷன் வாங்கிக்கிட்டு வந்தவரு மத்தவங்களை மாதிரி ஏதாவது பேங்க் வாசல்ல காவலுக்குப் போய் நிக்கலை. அய்யா விட்டுட்டுப் போன மொளகாக்காட்டைப் பார்த்துக்கிட்டு, மிச்ச நேரத்துக்கு ஊர்ப் பயலுகளைச் சேர்த்து ஒரு பேண்டு செட்டு ஆரம்பிச்சுட்டாரு.

பேக்பைப்புக்கு ஊர்ல வச்ச பேரு ஆட்டுக்குட்டி. கக்கத்துல இடுக்கி அமுக்குனா கத்துதுல்ல, அதனால. காலையில காட்டுப் பக்கம் போய் அவரு ஊதிப் பழகும்போது மேயுற ஆடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஒண்ணு ரெண்டு தாயாடு பதில் கூடக் குடுத்திருக்கு. காளிதாஸுக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது. கேக்குறதுக்கு ஆள் இருக்கேன்னு இன்னும் ரெண்டு பாட்டு சேர்த்து ஊதுவாரு.

பேண்டு செட்டுன்னா டிரஸ்ஸு வேணுமே. வடக்கே மீரட்டுக்குச் சொல்லி எல்லாருக்கும், பைப்பு ஊதுறவங்க இடுப்புல சுத்திக்கிற கில்ட்டு வரவழைச்சாரு. பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம், பின்னால மடிப்பு மடிப்பா இருக்கும், முழங்காலோட நிக்கும். இங்க ஒண்ணைச் சொல்லிடணும். அந்தக் கில்ட்டைப் பார்த்து ஊர்ல ஒருத்தரும் சிரிக்கலை. எதுக்குச் சிரிக்கணும்? ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ஆம்பளைங்க கட்டம் போட்ட கைலியை முழங்காலுக்கு மடிச்சுக் கட்டிக்கிட்டுத்தானே திரியிறாங்க. பார்சலைப் பிரிச்சப்ப ஊர்ப் பெரியவங்க துணியைத் தடவிப் பார்த்து, கனமான கைலியா இருக்கே, சாயம் போகுமான்னுதான் கேட்டாங்க.

சிரிப்பு கிளம்புனது சாக்ஸுலதான். கில்ட்டுக்குக் கீழ முழங்கால் வரைக்கும், அதே பார்சல்ல வந்த வெள்ளை சாக்ஸை இழுத்து விட்டு, கறுப்பு ஷூவும் மாட்டிக்கிட்டு காளிதாஸ் வாசலுக்கு வந்தாரு பாருங்க, ஊரே நின்னுருச்சு. எதிர்வீட்டுக்காரரு பல் குச்சியை வாயில இருந்து எடுத்துட்டு, "மிலிட்டரி, டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டீகளா? ஸ்கூல் வேன் வர்ற நேரம்" அப்படின்னாரு. அவ்வளவுதான். அது வரைக்கும் கைலியா இருந்தது அந்த நிமிசத்துல இருந்து பொம்பளப் பிள்ளைங்க யூனிபார்ம் ஆயிருச்சு.

"அப்ப சாக்ஸை விட்டுருவோம் மாஸ்டர்" அப்படின்னான் பிரபு. செட்டுல பெரிய டிரம் அடிக்கிறவன் அவன்.

"போடா கூறுகெட்டவனே. சாக்ஸ் இல்லாத கில்ட்டு என்னன்னு தெரியுமா? மடிச்சுக் கட்டுன கைலி" அப்படின்னாரு காளிதாஸ். சொல்லும்போது மூஞ்சியில அப்படி ஒரு கவுரவம்.

இது இப்படிப் போய்க்கிட்டு இருக்கையிலதான் தங்கச்சி வீட்டுல இருந்து போன் வந்துச்சு. தங்கச்சி முருகேஸ்வரியை உச்சிப்புளியில குடுத்திருக்கு. மாப்பிள்ளை முத்துராமலிங்கம் தென்னந்தோப்புக்காரரு, கையை விட வாய் நீளம். கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சுப் பிறந்த ஒத்தைப் பொண்ணு கவிப்ரியாவுக்குக் காதுகுத்து வச்சிருக்காங்க.

"மச்சான், எங்க சொந்தத்துல ஒருத்தன் காதுகுத்துக்கு யானையைக் கொண்டாந்தான், ஒருத்தன் கேரளாச் செண்டையைக் கொண்டாந்தான். இது வரைக்கும் எவனும் பாவாடை கட்டி ஊதுனதில்லை. நீங்க செட்டோட வந்து இறங்குறீங்க. சொல்லிட்டேன்" அப்படின்னாரு மாப்பிள்ளை.

காளிதாஸுக்குக் காலு தரையில நிக்கலை. பேண்டு செட்டுக்கு முதல் அழைப்பே சொந்த மருமகள் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுட்டு வர்றாரு, முன்னால அவரோட ஆட்டுக்குட்டி. அந்தச் சந்தோசம் சாயங்காலம் வரைக்கும்தான் இருந்துச்சு. அப்புறம் முருகேஸ்வரி போன் போட்டா. அவருக்கு இல்லை, அவரு பொண்டாட்டி நாகலெட்சுமிக்கு.

அண்ணனும் தங்கச்சியும் நேராப் பேசி வருசக்கணக்காச்சு. அவ கல்யாணத்துக்கு இவருக்கு லீவு கிடைக்கலை. அப்புறம் லீவுல வந்தப்ப அவ பார்க்க வந்தா, கூடத்துல உக்காந்தா, காப்பி டம்ளரைக் கையில எடுத்தா, எதிர்ச் சுவத்தைப் பார்த்தா, டம்ளரைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அன்னையில இருந்து எதுன்னாலும் மதினி வழியாத்தான். வெறுங்கையோட வந்துட்டோமேன்னு நினைச்ச காளிதாஸ் அடுத்த லீவுக்கு ஒரு பட்டுப் புடவை கொண்டாந்தாரு. அது அவ மாமியாருக்குப் போச்சு. அதுக்கு அடுத்த தடவை குக்கர். அது தோப்பு வேலைக்காரங்களுக்கு டீ போடப் போச்சு.

இந்தத் தடவையும் நாகலெட்சுமி போனை ஸ்பீக்கர்ல போட்டு நடுவுல வச்சா.

"மதினி, அண்ணன்கிட்டச் சொல்லிருங்க. அந்தப் பாவாடையைக் கட்டிக்கிட்டு வந்தா நான் சீர்த்தட்டை வாங்க மாட்டேன். பிள்ளையை அவரு மடியில உக்கார வச்சுக் காது குத்தவும் மாட்டேன். பெரியப்பா மகன் மாரிச்செல்வம் அண்ணன் இருக்காரு. அவரு மடி போதும்."

காளிதாஸ் முகம் செத்துப் போச்சு. தட்டு போனாப் போகுது. மடின்னா சும்மாவா? தாய்மாமன் மடியில உக்காந்துதான் பிள்ளைக்கு முடியெடுக்கணும், காது குத்தணும். கூடப் பிறந்தவன் நிக்கையில இன்னொருத்தன் மடியில பிள்ளையை வச்சுட்டா, அதுக்கப்புறம் அவன் எந்த மூஞ்சியோட அந்த வாசலுக்குப் போவான்?

"வேட்டியிலயே வந்துர்றேன்னு சொல்லு" அப்படின்னாரு மெதுவா.

"வேட்டியில வந்தா மாப்பிள்ளை விட்டுருவாரா? ஊரெல்லாம் தமுக்கடிச்சிருக்காரு. உங்க பயலுகளும் ஆறு மாசமா அடிச்சுப் பழகிக் கெடக்கானுக" அப்படின்னுட்டு நாகலெட்சுமி போன் பக்கம் திரும்புனா. அவளுக்கு எதையும் நோண்டிப் பார்க்காம இருக்க முடியாது. "ஏன் முருகேசு, உங்க வீட்டுக்காரரு தோப்புல கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத்தானே திரியிறாரு? அது ஆகும், இது ஆகாதா?"

"சாக்ஸு மதினி. அந்தச் சாக்ஸு. அதைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது." போனை வச்சுட்டா.

காளிதாஸ் எதிர்வீட்டைப் பார்த்துப் பல்லைக் கடிச்சாரு. ஸ்கூல் வேன் கதை உச்சிப்புளி வரைக்கும் போயிருச்சுன்னு நினைச்சாரு. ஆனா ஒரு வழி தெரிஞ்சுது. பாவாடைன்னு சொன்னவ கடைசியில சாக்ஸுலதானே வந்து நின்னா? அப்ப வெள்ளையை மாத்தி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தெரியாத ஒரு கலரை எடுத்துட்டா மடி தப்பிக்கும். நாகலெட்சுமியையும் பிரபுவையும் கூட்டிக்கிட்டு மறுநாளே ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிட்டாரு.

முழங்கால் சாக்ஸுன்னா ராமநாதபுரத்துல சதக்கத்துல்லா பாய் கடைதான். ஃபுட்பால் ஆடுற பயலுகளுக்கு எல்லாக் கலர்லயும் வச்சிருப்பாரு. பாய் விசயத்தைக் கேட்டதும் பெஞ்சைத் துடைச்சுப் போட்டு, "உக்காருங்க மிலிட்டரி, தாய்மாமன் காலு, சும்மா எடுத்துக் குடுத்துர முடியுமா" அப்படின்னு கட்டுக் கட்டா இறக்குனாரு.

முதல்ல கறுப்பு.

"நல்ல காரியத்துக்குக் கறுப்பா? காலைத் தூக்கி அங்கிட்டு வைங்க" அப்படின்னா நாகலெட்சுமி.

பச்சை. "கில்ட்டும் பச்சை, காலும் பச்சைன்னா பழனிக்கு நடந்து போற கூட்டம்னு நினைச்சு வழியில யாராவது மோர் குடுப்பாங்க" அப்படின்னான் பிரபு. மோர் குடுத்தா நல்லதுதானேன்னு காளிதாஸ் நினைச்சாரு, சொல்லலை.

காவி எடுத்தா ஒரு கூட்டத்துக்குச் சொந்தம், நீலம் எடுத்தா இன்னொரு கூட்டத்துக்கு. மஞ்சளை எடுத்தா பூச்சட்டி எடுக்கப் போறவங்க. காக்கியை மாட்டிப் பார்த்தாரு, பாய் சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்கி, "ஐயா, ஹெல்மெட் வீட்டுல இருக்கு" அப்படின்னாரு.

"ரெண்டு கலர் கலந்து எடுப்போமே" அப்படின்னாரு காளிதாஸ்.

பாய் எந்திரிச்சு வாசலை ஒரு பார்வை பார்த்துட்டு வந்து உக்காந்தாரு. "மிலிட்டரி, நீங்க ரொம்ப நாள் வெளியூர்ல இருந்துட்டீங்க. கறுப்பும் சிவப்பும் சேர்க்காதீங்க. நடுவுல வெள்ளை வச்சும் சேர்க்காதீங்க. மத்ததுலயும் எதையும் எதோடயும் சேர்க்காதீங்க. நம்ம மாவட்டத்துல ரெண்டு கலரைச் சேர்த்துக் கால்ல மாட்டுனா, எந்தத் தெரு வழியாப் போகணும்னு போலீஸ் வந்து சொல்லும்."

"அப்ப வெள்ளையே இருக்கட்டும் பாய்."

"உச்சிப்புளிக்கா?" நாகலெட்சுமிக்குச் சிரிப்பு தாங்கலை. "அங்க கேம்ப் போட்டிருக்கிற நேவிக்காரங்கதான் வெள்ளை டவுசரு, வெள்ளை சாக்ஸுன்னு போவாங்க. மாப்பிள்ளை வீட்டு மாடியில குடியிருக்கறவரே அப்படித்தான். நீங்க அந்தக் காலோட போய் நின்னா, அவருதான்னு நினைச்சு, மோட்டார் ஓடலைன்னு மாடிக்குக் கூப்பிட்டுருவாங்க."

தோல் கலர்ல ஒண்ணு இருந்துச்சு. மாட்டிக்கிட்டு கடைக்கு வெளியில நின்னாரு. பிரபு தூரத்துல போய் நின்னு பார்த்துட்டு, "வெறுங்கால் மாதிரியே இருக்கு மாஸ்டர்" அப்படின்னான். வெறுங்கால் மாதிரி இருக்கறதுக்கு வெறுங்கால் போதாதான்னு காளிதாஸுக்குக் கோபம் வந்துருச்சு. கடைசியா பாய் அடியில இருந்து ஒரு கட்டை உருவுனாரு. வயலெட்டு. "இது எவனுக்கும் சொந்தமில்லை. கட்சி கிடையாது, சாமி கிடையாது, ஆபீஸ் கிடையாது. நாலு வருசமா விக்காம கெடக்கு."

காளிதாஸ் ஆசையா மாட்டுனாரு, பையில இருந்த கில்ட்டையும் எடுத்துச் சுத்திக்கிட்டாரு. கீழ ரெண்டு பக்கமும் வயலெட்டு, மேல பச்சை. பாய்தான் முதல்ல முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

"சொல்லித் தொலைங்க" அப்படின்னாரு காளிதாஸ்.

"கத்திரிக்காய்" அப்படின்னா நாகலெட்சுமி. "காம்போட."

காளிதாஸ் பெஞ்சுல தொப்புன்னு உக்காந்துட்டாரு. அவரு கஷ்டம் அவருக்கு. தன் காலுக்கு ஒரு கலரைத் தானே எடுக்கணும்னு வந்தது அவரு வாழ்க்கையில இதுதான் முதல் தடவை. சின்னப் பிள்ளையில அய்யா எடுத்துக் குடுத்ததுதான் சட்டை. கல்யாணத்துக்கு வேட்டி, அதுல கலர் ஏது? பட்டாளத்துல போடுன்னு குடுத்ததைப் போட்டாரு, கழட்டுன்னு சொன்னப்ப கழட்டுனாரு. இன்னைக்கு ஒரு முழம் சாக்ஸுல மருமகள் மடியை விட்டுப் போகுதுன்னா யாருகிட்டப் போய்ச் சொல்ல?

"அவகிட்டயே கேளுங்க" அப்படின்னா நாகலெட்சுமி.

"நானா?"

"காலு உங்க காலு, தங்கச்சி உங்க தங்கச்சி. நான் எத்தனை வருசத்துக்கு நடுவுல நின்னு தபால் குடுத்துக்கிட்டு இருக்க?" சொல்லிக்கிட்டே நம்பரை அழுத்திப் போனை அவரு காதுல வச்சுட்டா. பாய் மரியாதையா ஃபேனைக் குறைச்சுட்டு, கேக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து கேட்டாரு.

"சொல்லுங்க மதினி."

"முருகேசு." அத்தனை வருசத்துக்கு அப்புறம் தங்கச்சிகிட்டப் பேசுற முதல் பேச்சு இதுவாத்தான் இருக்கணுமா? "சாக்ஸு என்ன கலர்ல எடுக்க?"

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கிட்டு இருந்தது நின்னுச்சு.

"என் கல்யாணத்தன்னைக்கு என்ன கலர் போட்டிருந்தீங்க?"

"உன் கல்யாணத்துல நான் எங்கத்தா இருந்தேன்?"

"அதான் கேக்குறேன். எங்க இருந்தீங்களோ அங்க என்ன கலர் போட்டிருந்தீங்க?"

காளிதாஸுக்கு அப்பத்தான் கூடத்துச் சுவத்துல தொங்குற போட்டோ ஞாபகம் வந்துச்சு. பெரிய ஆபீசர் மகள் கல்யாணம். அலங்காரம் பண்ணுன காருல இருந்து பொண்ணு இறங்குது, ரெண்டு பக்கமும் பைப்பர்கள் நிக்கிறாங்க, வலது பக்கம் முதல் ஆளு காளிதாஸ். அவரு வாழ்நாள்ல அவ்வளவு மிடுக்கா ஒரு போட்டோவுலயும் நின்னதில்லை. அடியில தேதியோட பெருசாக்கி, கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்காரு. அது தங்கச்சி கல்யாணத் தேதின்னு அவருக்குத் தெரியாமலா? தெரியும். தெரிஞ்சும் அது உறைக்கலை.

"மெரூன்" அப்படின்னாரு. "மேல மடிப்பு மட்டும் பச்சை."

"ஆமா. அரக்கு. ஒரு சுருக்கம் இல்லாம இழுத்து விட்டிருந்தீங்க. அந்தப் பொண்ணு காரை விட்டு இறங்கையில நீங்க பக்கத்துல நிக்கிறீங்க. அதே முகூர்த்தத்துல நான் மண்டபத்து வாசல்ல வந்து இறங்குறேன், மாரிச்செல்வம் அண்ணன் கதவைத் திறந்து விடுது. உங்களைப் பார்க்கணும்னு ஓடி வந்தேன். நான் உக்காந்து காப்பி குடிக்கிற இடத்துக்கு நேரா அதை மாட்டி வச்சிருக்கீங்க."

"லீவு கேட்டேன்த்தா. காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். குடுக்கலை."

"லீவு குடுக்கலைன்னு எனக்குத் தெரியும்ணே. அதுக்கா நான் கோவிச்சேன்? ஆணியடிச்சு மாட்டுனீங்களே, அதுக்கு."

காளிதாஸுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. பாய் ஒரு சாக்ஸை எடுத்து நீட்டுனாரு, துடைச்சுக்கிடட்டும்னு. வயலெட்டுத்தான்.

"அந்தக் கலர்லயே வாங்க" அப்படின்னா முருகேஸ்வரி. "ஊரான் வீட்டு வாசல்ல நின்ன காலு எங்க வீட்டு வாசல்லயும் வந்து நிக்கட்டும். மடியைப் பத்தி அன்னைக்குப் பார்த்துக்கிடலாம்."

மெரூன் பாய்கிட்ட எல்லாருக்கும் ஆகுற அளவுக்கு இருந்துச்சு. பச்சை மடிப்புத்தான் இல்லை. நாகலெட்சுமி பச்சை சாக்ஸையும் சேர்த்து வாங்கி, வாய்ப்பட்டியை மட்டும் வெட்டி, மெரூன் மேல வச்சு வீட்டு மிஷின்ல ஓட்டிட்டா. அவ தைச்சுக்கிட்டு இருக்கையில காளிதாஸ் ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் போட்டோவைக் கழட்டிப் பரண்ல வச்சாரு. சுவத்துல ஆணி மட்டும் நின்னுச்சு. அதைப் பிடுங்கணும்னு தோணலை, அப்படியே விட்டுட்டாரு.

பங்குனி மாசம், காலை வெயிலே சுள்ளுன்னு. உச்சிப்புளிக்குப் பக்கத்துல பனங்காட்டுக்குள்ள அவங்க குலசாமி கோவில். குட்டியானை வண்டியில தட்டு, பழம், பலகாரம், கழுத்துல மாலை போட்ட ஒரு கிடா. கோவிலுக்குக் கொஞ்சம் முன்னாலயே இறங்கி வரிசை கட்டுனாங்க. மெரூன் சாக்ஸுக்குள்ள காலு வெந்து போகுது, ஒருத்தனும் மூச்சு விடலை. காளிதாஸ் வாயில வச்சு ஊதுனாரு பாருங்க, பனங்காடே நிமிர்ந்துச்சு. செல்போனைத் தூக்கிக்கிட்டு சனம் ஓடி வருது. மாடியில குடியிருக்குற நேவிக்காரரு கூட வந்திருந்தாரு, தன்னை அறியாம காலைச் சேர்த்து நின்னுட்டாரு. முத்துராமலிங்கம் பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தானே ஊதுற மாதிரி முன்னால நடந்தாரு.

கோவில் வாசல் வந்துருச்சு. முருகேஸ்வரி வாசல்ல நிக்கிறா. மூஞ்சியில ஒண்ணும் தெரியலை. உள்ளே வேப்பமரத்தடியில, ஆசாரிக்குப் பக்கத்துல, மாரிச்செல்வம் சம்மணம் போட்டு மடியில துண்டை விரிச்சுத் தயாரா உக்காந்திருக்கான். விடிஞ்சதுல இருந்து அங்கதான் இருக்கானாம். காளிதாஸுக்கு அதைப் பார்த்ததும் பைக்குள்ள மூச்சு பாதிதான் போச்சு.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையோட பெரியய்யா கம்பை ஊன்றிக்கிட்டு வெளியில வந்தாரு. அந்தக் குடும்பத்துலயே பெரிய தலை. அவரைக் கண்டதும் முத்துராமலிங்கம் சட்டுன்னு வேட்டி மடிப்பை அவுத்துக் கீழ விட்டாரு. சுத்தி நின்ன ஆம்பளைங்க எல்லாம் அவுத்து விட்டாங்க. பெரியவங்க வந்தா மடிப்பை இறக்கி விடணும், அது யாரும் சொல்லிக் குடுத்து வர்றதில்லை, கை தானாப் போகும்.

பிரபு கையும் போச்சு. டிரம் குச்சியை விட்டுட்டு முழங்கால் கிட்ட மடிப்பைத் தேடுறான். அடுத்தவன் தேடுறான். அதுக்கடுத்தவன் கில்ட்டு விளிம்பைப் பிடிச்சுக் கீழ இழுத்துப் பார்க்குறான், வரலை. இவனுகளைப் பார்த்து முறைக்கணும்னு திரும்புன காளிதாஸ், அவரும் அதே மண்ணுல வளர்ந்தவரு இல்லையா, அவரு கையும் பைப்பை விட்டுட்டுத் தொடைக்குப் போயிருச்சு. கக்கத்துல இருந்த ஆட்டுக்குட்டி ஒரு நீளக் கத்து கத்திட்டு அடங்குச்சு. அதுக்கு மாலை போட்ட கிடா நின்னு நிதானமாப் பதில் சொல்லுச்சு.

சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. காளிதாஸுக்குப் பூமி பிளந்தா உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. எதை நினைச்சுப் பயந்தாரோ அதே ஆயிருச்சு. புகுந்த வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் முருகேஸ்வரியோட அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.

பெரியய்யா மட்டும் சிரிக்கலை. கம்பால தரையைத் தட்டுனாரு. "எதுக்கு இளிக்கிறீக? தேசம் எல்லாம் சுத்துன ஆளு, பெரியவனைக் கண்டதும் மடிப்பை இறக்கப் பார்த்திருக்கான். அப்படிச் சுத்திட்டு வந்தா உங்கள்ல எவன்டா செய்வான்? ஏப்பா மிலிட்டரி, பரவாயில்லை, கைலி அப்படியே இருக்கட்டும்."

கைலின்னு பெரியவரு வாயாலயே வந்துருச்சு. அதுக்கு மேல பாவாடைன்னு யாரு சொல்லுவா?

முருகேஸ்வரி கிட்ட வந்தா. அண்ணன் மூஞ்சியைப் பார்க்கலை. குனிஞ்சு காலைப் பார்த்தா. மெரூன் சாக்ஸு, சுருக்கம் இல்லாம, மேல பச்சை மடிப்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னா. அப்புறம் நாகலெட்சுமி கையில இருந்த தட்டை வாங்குனா. வாங்கிக்கிட்டே வேப்பமரத்தடிக்குத் திரும்பி, சாதாரணமாத்தான் சொன்னா.

"மாரிச்செல்வண்ணே, எந்திரிங்க. எங்க அண்ணன் வந்துருச்சு."

காளிதாஸ் ஷூவைக் கழட்டிட்டு அங்க போய் நின்னதும்தான் இன்னொரு சங்கடம் தெரிஞ்சுது. கில்ட்டோட சம்மணம் போட்டு எப்படி உக்கார? உள்ளே டவுசரு போட்டிருக்காரு, இருந்தாலும் எதிர்ல அம்புட்டுப் பொம்பளைங்க. அவரு அரைகுறையாக் குனிஞ்சு நிக்கிறதைப் பார்த்துட்டு முருகேஸ்வரி மாரிச்செல்வம் துண்டை உருவி அவரு மேல எறிஞ்சா. "முதல்ல இதைப் போட்டு மூடுங்க. ஊரு மானத்தையே வாங்கிருவீங்க போல." அவரு உக்காந்ததும் பிள்ளையைத் தூக்கி மடியில வச்சா.

கவிப்ரியா அந்த மாமனை அன்னைக்குத்தான் கிட்டத்துல பார்க்குது. முடியெடுக்குற வரைக்கும் உர்ருன்னு உக்காந்திருந்துச்சு. ஆசாரி ஊசியைக் காதுகிட்டக் கொண்டு போனதும் கையில அகப்பட்டதைக் கெட்டியாப் பிடிச்சுச்சு. அகப்பட்டது வலது கால் பச்சை மடிப்பு. குத்துனப்ப ஒரே இழு. நாகலெட்சுமி போட்ட தையலெல்லாம் படபடன்னு விட்டு, சாக்ஸு கணுக்காலுக்கு வந்துருச்சு. பிள்ளை அழுகுது, மாமன் அழுகுறாரு, ஒத்தைக் காலு வெளியில தெரியுது. முத்துராமலிங்கம் அதையும் போட்டோ எடுத்துக்கிட்டாரு.

கிடா விருந்து முடிஞ்சு கிளம்புற நேரம் முருகேஸ்வரி அண்ணன் முன்னால வந்து கையை நீட்டுனா.

"கழட்டுங்க."

"எதை?"

"சாக்ஸைத்தான். இனிமே இந்தக் கலரைப் போட்டுக்கிட்டு யாரு வீட்டுக் கல்யாணத்துக்கும் போகக் கூடாது. இது எங்க வீட்டுக்கு வந்தது. மத்தவங்க வீட்டுக்கு வேற கலர் எடுத்துக்கிடுங்க."

பனங்காட்டுல ஒரு கல்லு மேல உக்காந்து கழட்டிக் குடுத்தாரு. வெயில்ல ஊறி வேர்த்து நாறுன சாக்ஸு. அவ முகம் சுளிக்கலை, புதுப் பட்டுப் புடவை இருந்த தட்டுல அதுக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டா. இந்தப் புடவை மாமியாருக்குப் போகலை.

திரும்பி வர்ற வழியில உச்சிப்புளியில வண்டியை நிறுத்தி டீ குடிச்சாங்க. கில்ட்டுக்குக் கீழ வெறுங்காலோட காளிதாஸ் ரோட்டோரமா நிக்கிறாரு. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. டீக்கடைக்காரரு மட்டும் கிளாஸைக் குடுக்கையில, "கட்டம் நல்லாருக்கே, கைலி எங்க எடுத்தீக?" அப்படின்னு கேட்டாரு.

போன் அடிச்சுச்சு. நாகலெட்சுமி போன் இல்லை, அவரு போன்.

"அண்ணே, அந்தப் போட்டோவைக் கழட்டிட்டீங்களாமே, மதினி சொன்னாங்க."

"கழட்டிட்டேன்த்தா."

"ஆணி இருக்கா?"

"இருக்கு. பிடுங்கிரவா?"

"பிடுங்காதீங்க. இன்னைக்கு எடுத்ததைப் பெருசாக்கித் தாரேன். நானே கொண்டாந்து மாட்டிட்டு, அங்கனயே உக்காந்து காப்பி குடிச்சுட்டு வாரேன்."

இப்ப அந்தக் கூடத்துக்குப் போனா சாமி படத்துக்குப் பக்கத்துல அதுதான் தொங்குது. மொட்டைத் தலையோட பிள்ளை வாயைத் திறந்து அழுகுது, மாமன் மடியில துண்டு, ஒரு கால்ல சாக்ஸு முழங்காலுக்கும் இன்னொரு கால்ல கணுக்காலுக்கும் கெடக்கு. கூட வேலை பார்த்த பட்டாளத்துக்காரரு ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "என்ன காளி, சாக்ஸு இறங்கி இருக்கு, இதையா மாட்டி வச்சிருக்க?" அப்படின்னு கேட்டாரு. காளிதாஸ் அந்தப் படத்துக்கு நேரா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உக்காந்து காப்பியைக் குடிங்கன்னாரு.